வற்றாப்பளைக்கு நடை: 7 கிலோமீற்றர் தாண்ட உள்ளங்கால் நெருப்பா எரியுது

பாலைப்பழம் எழுதியது:

வைகாசிப் பொங்கலுக்கு மாங்குளத்தில இருந்து வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு ரெண்டு நாளில நடக்கிறதா இருக்கிறம். நாப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல வரும். முதல் நாள் இரவு ஒட்டுசுட்டானில தங்கல். இன்னும் மூண்டரைக் கிழமை கிடக்கு.

பழகுறதுக்கு பின்னேரங்களில முல்லைத்தீவு ரோட்டால 12 கிலோமீற்றர் நடக்கிறன். 7 தாண்டினா உள்ளங்கால் எரியத் தொடங்குது. குதிக்காலில ஒண்டுமில்லை, விரலுக்குக் கீழ இருக்கிற சதை மெத்தையிலதான். சப்பாத்தைக் கழட்டிப் பாத்தா கால் சிவந்து கிடக்கும், மேஸ் பிழியலாம் போல ஈரம். அரை மணித்தியாலத்தில அடங்கீரும். சின்ன விரலில மட்டும் ஒரு பொக்களம். போடுறது பள்ளிக்கூடத்துக்குப் போடுற மாதிரி கன்வஸ் சப்பாத்து, சைஸ் 6, வெள்ளைப் பருத்தி மேஸ். ஒராள் வசிலின் பூசச் சொல்லுறார், இன்னொராள் சுடுதண்ணியில உப்புப் போட்டுக் காலை வைக்கச் சொல்லுறார்.

மற்றது அம்மா. 58 வயது, 9 வருசமா சீனி வருத்தம், மெட்போமின் போடுறா. கடைசி நாள் முழுக்க வெறுங்காலோட நடக்கிறதா நேர்த்தி. அவவுக்கு நடக்காட்டியும் இரவில கால் எரியுமாம். "நடந்தா ரத்தம் ஓடிச் சரியாகும்" எண்டுறா. உண்மையோ?

கிறவல்ரோட்டு:

தங்கச்சி, உங்கட எரிவும் அம்மாவின்ர எரிவும் ரெண்டு வேற சாமான். நடந்தா வந்து, கழட்டினா அடங்குற எரிவு தோலில உராய்வு. நடக்காமக் கிடக்கேக்க ரெண்டு காலிலயும் ஒரே மாதிரி எரிஞ்சா அது நரம்பு. அம்மாவின்ர கதையை ஆஸ்பத்திரி வேலை தெரிஞ்ச ஆராவது வந்து சொல்லட்டும், நான் உங்கடயை மட்டும் சொல்லுறன்.

ஈரத் தோல் காய்ஞ்ச தோலை விட மேஸில கூட ஒட்டும். அடி எடுத்து வைக்கேக்க தோல் மேஸோட ஒட்டிக்கொண்டு நிக்குது, உள்ளுக்க எலும்பு முன்னுக்குப் போகுது. இடையில இருக்கிற தோற்படை இழுபடுது. ஒரு கிலோமீற்றருக்கு ஒரு காலுக்கு எழுநூறு தரமளவில இது நடக்கும். 7 கிலோமீற்றர் எண்டா கிட்டத்தட்ட ஐயாயிரம் இழுவை. எரியாம என்ன செய்யும்? எரிவு கட்டத்தில நிப்பாட்டினா தோல் தப்பும். அதுக்கு மேல போனா படை பிரிஞ்சு தண்ணி கட்டும், அதுதான் பொக்களம்.

முதல்ல மேஸை மாத்துங்கோ. பருத்தி தண்ணியைக் குடிச்சு வைச்சிருக்கும், விடாது. நைலோன் அல்லது பொலியெஸ்ரர் கலந்த விளையாட்டு மேஸ் 3 சோடி வாங்குங்கோ, பருத்தி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லம். அதுக்கு உள்ளால பெண்கள் போடுற மெல்லிய நைலோன் மேஸ் ஒண்டு. ரெண்டு போட்டா உராய்வு மேஸுக்கும் மேஸுக்கும் இடையில நடக்கும், தோல் தப்பும். ஆனா சப்பாத்தில அதுக்கு இடம் இருக்க வேணும், இறுகினா ரெண்டு மேஸ் ஒரு மேஸை விட மோசம். புது மேஸை ரெண்டு தரம் தோய்ச்சுப் போட்டுத்தான் நடக்கிறது. விரல் பக்கத் தையல் தடிப்பா இருந்தா மேஸை உள்பக்கம் வெளியா மாத்திப் போடுங்கோ. பாக்க வடிவில்லை, கால் அதைப் பற்றிக் கவலைப்படாது.

ரெண்டாவது சப்பாத்தின்ர அளவு. உள்ளுக்க இருக்கிற அட்டையை வெளியில எடுத்து நிலத்தில வைச்சு, பின்னேரம் நடந்து வந்த கையோட மேஸ் போட்டபடி அதுக்கு மேல ஏறி நில்லுங்கோ. ஆக நீட்டு விரலுக்கு முன்னால ஒரு பெருவிரல் அகலம் மிச்சம் இருக்க வேணும், 1 சென்ரிமீற்றருக்குக் குறையாம. பக்கத்தால சதை அட்டையை விட்டு வழிஞ்சா அகலம் காணாது. சின்ன விரல் பொக்களம் சொல்லுறது அதைத்தான். நடக்க நடக்கக் கால் வீங்கும், காலமை கடையில போட்டுப் பாத்துச் சரி எண்டு வாங்கினது மத்தியானம் கடிக்கும். கன்வஸ் சப்பாத்தின்ர அடி மெல்லிசு, முன்பக்கத்தில கையாலயே ரெண்டா மடிக்கலாம். அந்த மடியுற இடத்துக்கு நேர மேலதான் உங்களுக்கு எரியுது. கொஞ்சம் தடிச்ச அடியுள்ள ஓட்டச் சப்பாத்து, விலை கூடினது வேண்டாம், முன்பகுதி அகலமா இருந்தாக் காணும். இண்டைக்கோ நாளைக்கோ வாங்குங்கோ. கடைசிக் கிழமையில வாங்கின சப்பாத்தோட நடக்கிறதை விட இப்ப இருக்கிற கன்வஸ் நல்லம்.

மெத்தைப் பகுதி நோவும் சேர்ந்து இருந்தா இதைச் செய்து பாருங்கோ. குங்குமத்தை ஒரு துளி எண்ணெயில குழைச்சு, நோகிற இடத்தில தொட்டு, வெறுங்காலோட சப்பாத்து அட்டையில ஒருக்கா மிதிச்சா அச்சு விழும். பழைய றப்பர் செருப்பு அடியில இருந்து 5, 6 மில்லிமீற்றர் தடிப்பில முட்டை வடிவத் துண்டு ஒண்டு வெட்டி, ஓரங்களைச் சீவி, அந்த அச்சுக்குக் குதிக்கால் பக்கமா ஒட்டுங்கோ. அச்சுக்கு மேல ஒட்டக் கூடாது. கனபேர் விடுற பிழை இதுதான்: நோகிற இடத்துக்குக் கீழ மெத்தை வைச்சா அங்க பாரம் இன்னும் கூடும். அதுக்குப் பின்னால தாங்கினாத்தான் பாரம் குறையும். மூண்டாம் நாலாம் விரலுக்கு நடுவில கல்லு மிதிச்ச மாதிரியோ மின்சாரம் அடிச்ச மாதிரியோ இருந்தா அது வேற, அங்க நரம்பு நசியுது. அதுக்கும் முதல் மருந்து அகலச் சப்பாத்துத்தான்.

கயிறு: முன்பக்க ரெண்டு ஓட்டையைத் தளர விட்டு, கணுக்கால் பக்கம் இறுக்குங்கோ. மேல் ஓட்டையில கயிறை அதே பக்கத்துக்குள்ளயே திருப்பி விட்டு ஒரு வளையம் செய்து, எதிர்ப்பக்கக் கயிறை அதுக்குள்ளால விட்டுக் கட்டினா குதிக்கால் பின்னுக்கு இருக்கும், விரல் முன்னுக்குப் போய் இடிக்காது.

உப்புச் சுடுதண்ணி வேண்டாம். எரியுற தோலை ஊற வைச்சு இன்னும் இளக்கி விடும்.

கச்சான்காத்து:

கிறவல்ரோட்டு அண்ணை சொன்னது சப்பாத்துக்கு உள்ளுக்க. நான் வெளியில இருக்கிறதைச் சொல்லுறன்.

வைகாசியில கச்சான், அதாவது தென்மேல் காத்து, அடிக்கிற நாளில வெக்கை 35 பாகை எண்டா, மத்தியானம் தார் 55, 60 வரைக்கும் போகும். மெல்லிய அடியால அந்தச் சூடு நேரா வரும், கால் கூட வேர்க்கும், வேர்த்தா மேஸ் நனையும், அதுக்குப் பிறகு மேல சொன்ன கதைதான். புறங்கையைத் தார் மேல வைச்சு 5 செக்கன் தாங்க ஏலாட்டி அந்த ரோட்டு நடக்கிறதுக்கு இல்லை, வெறுங்காலுக்கு அறவே இல்லை.

அதால ரெண்டு நாளையும் நாலாப் பிரியுங்கோ. ஓய்வும் சேர்த்து மணித்தியாலத்துக்கு மூண்டரைக் கிலோமீற்றர் எண்டு கணக்கு வையுங்கோ. 5:30 இல இருந்து 9:30 வரைக்கும் 14 கிலோமீற்றர். பிறகு நிழல். 4 மணிக்கு வெளிக்கிட்டு இருட்ட முதல் 8 கிலோமீற்றர். "வெயிலுக்கு முதல் 3 மணிக்கே வெளிக்கிடுவம்" எண்டு ஆராவது சொல்லுவினம். மாங்குளம் – ஒட்டுசுட்டான் ரோட்டில காட்டுத் துண்டுகள் இருக்கு, இருட்டில யானை ரோட்டில நிண்டா கிட்டப் போகும் வரைக்கும் தெரியாது. வெளிச்சம் வந்த பிறகுதான் அடி வைக்க வேணும். அவசரத்துக்கு ஒதுங்கிறதுக்கும் தெரியாத காட்டுக்குள்ள இறங்காதேங்கோ, கண்ணிவெடி எண்டு மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லாத இடமெண்டாலும் மிதிபட்ட பாதையை விட வேண்டாம்.

கிறவல் கரையில நடந்தா சூடு குறைவு. ஆனா செம்மண் புழுதியும் சின்னக் கல்லும் மேஸுக்குள்ள போய் மண் கடதாசி மாதிரி அராவும். தாரில சூடு, கிறவலில தூசி. காலமை தார், வெயில் ஏறினாப் பிறகு கரை, அதுதான் நியாயமான பங்கீடு. கரையில நடக்கேக்க மேஸின்ர வாய்ப்பக்கத்தைச் சப்பாத்துக்கு மேலால மடிச்சு விட்டா முக்கால்வாசித் தூசி நிக்கும். கல்லு ஒண்டு போனது தெரிஞ்சா அடுத்த மதகு வரட்டும் எண்டு இழுக்காம அந்த இடத்திலயே நிண்டு கொட்டுங்கோ. வாகனம் எதிர வாற பக்கம், அதாவது வலது கரையால நடக்க வேணும். அதில ரோட்டு வலப்பக்கம் சரிஞ்சிருக்கும், வலது கால் கொஞ்சம் கூட அடி வாங்கும். ஒரு காலில மட்டும் எரிவு கூட எண்டா இதையும் நினைச்சுக்கொள்ளுங்கோ.

ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா 10 நிமிசம் நிக்க வேணும். நிக்கிறதெண்டா சப்பாத்து, மேஸ் ரெண்டையும் கழட்டி, துவாயால விரல் இடுக்கெல்லாம் துடைச்சு, காலை இடுப்புக்கு மேல உயர்த்தி வைக்கிறது. பிறகு காய்ஞ்ச மேஸ். ஈர மேஸைப் பாக்கில ஊசி குத்தித் தொங்க விட்டா கச்சான் காத்தில அடுத்த தரிப்புக்குள்ள காய்ஞ்சிரும். கச்சானால கிடைக்கிற ஒரே நன்மை. பாக்கில 4, 5 கிலோவுக்கு மேல தூக்காதேங்கோ, எல்லாப் பாரமும் அந்தச் சதை மெத்தைக்குத்தான் இறங்குது.

தண்ணி மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் அளவில, தாகத்துக்கு ஏற்ற மாதிரி. வெறும் தண்ணியை மட்டும் வயிறு முட்டக் குடிச்சா உடம்பில உப்புக் குறைஞ்சு கை கால் இன்னும் வீங்கும், தலையிடிக்கும். ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) ஒரு பக்கற் முழுசா 1 லீற்றர் ஆறின தண்ணியில. அரைப் பக்கற்றை ஒரு தேத்தண்ணிக் கோப்பையில கலக்கிற வேலை வேண்டாம்.

வாட்டு7:

பாலைப்பழம், அம்மாவைப் பற்றி எழுதுகிறேன், கொஞ்சம் கவனமாக வாசியுங்கள்.

நீண்ட காலச் சீனி வருத்தத்தில் காலின் மெல்லிய நரம்புகள் கெடும். பெருவிரல் நுனியில் தொடங்கி, இரண்டு காலிலும் சமமாக, இரவில் கூடுதலாக எரியும். நடந்தால் இது சரியாகாது. இதில் எரிவை விடப் பெரிய ஆபத்து மரப்பு. ஒரே காலில் எரிவும் இருக்கும், உணர்ச்சிக் குறைவும் இருக்கும். சுடுகிற தாரில் வெந்து கொப்புளம் போட்டாலும், முள் ஏறினாலும் தெரியாது. இரவு தங்குமிடத்தில் பாயில் இரத்தக் கறையைக் கண்ட பிறகுதான் தெரியும். இப்படித் தொடங்கும் புண்தான் பல தடவை விரல் எடுக்கிற வரைக்கும் போகிறது.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். அம்மா கண்ணை மூடிப் படுக்கட்டும். உங்கள் சுட்டுவிரல் நுனியால் அவரது பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை, இரண்டு காலிலும் மொத்தம் 6 இடத்தில், ஒன்று இரண்டு செக்கன் மெதுவாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. தொட்டது தெரிந்தால் இடமா வலமா என்று சொல்லட்டும். சொல்லாவிட்டால் இன்னொரு முறை தொட்டுப் பார்க்க வேண்டாம், தெரியவில்லை என்றே எழுதுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. அப்படியானால் வெறுங்கால் நடை கிடையாது, ஒரு கிலோமீற்றர்கூட. சோதனையில் தப்பினாலும், 9 வருடச் சீனி வருத்தக்காரர் வைகாசித் தாரில் வெறுங்காலுடன் நடப்பதற்கு நான் ஓம் சொல்ல மாட்டேன்.

அடுத்த கிளினிக் நாளில் கால் எரிவை வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள். பல அம்மாமார் சீனிக் கணக்கை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடுவார்கள். மெட்போமின் பல வருடம் எடுத்தால் விற்றமின் பி12 குறையலாம், அதுவும் இதே மாதிரி எரிவைத் தரும், மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குக் கூடுதலாக. அது இரத்தப் பரிசோதனையில் தெரியும், மருந்தும் உண்டு. மெட்போமினைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

நடப்பதென்றால் பின்வார் உள்ள மெத்தைச் செருப்போ அகலமான சப்பாத்தோ போட்டு, வெள்ளை நிற மேஸ். ஏன் வெள்ளை என்றால் இரத்தமோ நீரோ பட்டால் உடனே தெரியும். காலை விடும் முன் சப்பாத்துக்குள் கையை விட்டுத் தடவ வேண்டும். ஒவ்வொரு தரிப்பிலும் நீங்கள் அவரது காலைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள், அவரே பார்ப்பதென்றால் சின்னக் கண்ணாடி ஒன்று. சுடுதண்ணி ஒத்தடம், சுடுதண்ணியில் கால் ஊற வைத்தல் அறவே வேண்டாம், சூடு அவருக்குத் தெரியாது. மெட்போமினோடு கிளிக்கிளசைட் என்ற சீனிக் குளிசையோ இன்சுலினோ இருந்தால் நீண்ட நடையில் சீனி இறங்கும். கை நடுக்கம், வேர்வை, தடுமாற்றம் கண்டால் 3 தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணியில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் இருக்க வைத்து, பிறகு பிஸ்கற் கொடுங்கள். மருந்தளவை நடை நாளுக்குக் குறைப்பதா என்பதை முன்கூட்டியே கிளினிக்கில் கேளுங்கள்.

உங்களுக்கும் ஒரு கேள்வி. விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி, உரிந்து, கடிக்கிறதா? அது சேற்றுப்புண். அதுவும் எரியும். குளோட்றிமசோல் 1 வீதக் கிறீம் காலையும் இரவும், மாறின மாதிரித் தெரிந்த பிறகும் இரண்டு கிழமை. இன்றைக்குத் தொடங்கினால் பொங்கலுக்கு முன் முடியும்.

பாலைப்பழம்:

சேத்துப்புண் இல்லை. அம்மாவுக்குச் சோதனை செய்தம். ஆறில 3 தெரியேல்லை, மூண்டும் விரல் நுனி இடப்பக்கம். அவவுக்கே அதிர்ச்சி. ஆனா நேர்த்தியை விடமாட்டன் எண்டு நிக்கிறா. கிளினிக் வாற செவ்வாய்.

சப்பாத்து அட்டையில ஏறி நிண்டு பாத்தன், முன்னால அரைச் சென்ரிமீற்றரும் இல்லை. மாத்துறன். வசிலினோ பவுடரோ நல்லம்? பொக்களத்தைக் குத்திறதோ விடுறதோ?

வாட்டு7:

செவ்வாய்க்கிழமை மூன்று விரல் கதையை எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வழமையில் இரண்டு காலும் சமமாகத்தான் கெடும். ஒரு கால் மட்டும் என்றால் அந்தக் காலில் இரத்த ஓட்டம், இடுப்பு நரம்பு இரண்டையும் அவர்கள் பார்க்க வேண்டும். பாதத்தின் மேல்பக்க நாடி அடிக்கிறதா என்று பார்க்கும்படி கேளுங்கள்.

நேர்த்தி பற்றி: கோயில் வாசலில் செருப்பைக் கழற்றத்தானே வேண்டும். அந்த வீதிக்குள் நடப்பது அந்தி சாய்ந்து நிலம் குளிர்ந்த பிறகு, மேஸ் போட்ட காலுடன் இருக்கட்டும். அம்மனுக்கு மேஸ் குற்றமில்லை. மாங்குளத்தில் இருந்து செருப்போடு நடந்ததும் நடைதான். வாகனத்தில் வந்து கடைசி 2 கிலோமீற்றர் மட்டும் நடந்தாலும் நடைதான். அம்மாவுக்கு இதைச் சொல்ல ஐயர் அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவர் கிடைத்தால் என்னை விட நல்லது.

தண்ணீரூற்று:

இவ்வளவு ஆரவாரம் எதுக்கு? சன்னதியில இருந்து கதிர்காமத்துக்குப் போற அடியார்கள் பாட்டாச் செருப்போடயும் வெறுங்காலோடயும்தானே ஒண்டரை மாதம் நடக்கினம். காத்துப் படுற கால் எரியாது. வேப்பெண்ணெய் பூசி ஒரு சோடி றப்பர் செருப்போட நடந்தாக் காணும்.

கிறவல்ரோட்டு:

அண்ணை, காத்துப் படுறது நல்லம் எண்டது சரி. ஈரம் நிக்காது, பொக்களம் குறையும். ஆனா ரெண்டு வித்தியாசம் இருக்கு. அந்த அடியார்களின்ர உள்ளங்கால் நாளுக்கு நாள் தடிச்சு வருது, தினம் தினம் நடக்கினம், முதல் கிழமையில ஆற அமரப் போகினம். ரெண்டு நாள் நடைக்குத் தோல் தடிக்க நேரமில்லை. மற்றது, வார் மட்டும் உள்ள றப்பர் செருப்புக் கழராம இருக்க ஒவ்வொரு அடிக்கும் விரலால கவ்விப் பிடிக்க வேணும். 5 கிலோமீற்றருக்கு அது தெரியாது. 20இல விரலடி மெத்தையும் கெண்டைக்காலும் நோகும், விரல் இடுக்கில வார் அறுக்கும். செருப்பு எண்டா பின்வார் உள்ளது, அடி 2 சென்ரிமீற்றர் தடிப்பு, போட்டுப் பழகினது. அப்பிடி ஒண்டு இருந்தா தங்கச்சி அதையும் பாக்கில கொண்டு போகலாம். மத்தியானத் தரிப்பிலயும் இரவிலயும் அதைத்தான் போட வேணும், சப்பாத்துக் காய வேணுமே.

வசிலின் கேள்விக்கு: முதல் மணித்தியாலத்துக்கு வழுக்கும், நல்லம். பிறகு மேஸ் அதைக் குடிச்சுப் போட, தோல் இளகி உராய்வு முந்தினதை விடக் கூடும். பூசினா ஒவ்வொரு தரிப்பிலயும் துடைச்சுப் போட்டுத் திரும்பப் பூச வேணும், இல்லாட்டிப் பூசாதேங்கோ. தூசியும் அதில ஒட்டும், எங்கட கிறவலுக்கு அது நல்ல சோடி இல்லை. பவுடர் நனைஞ்சா கட்டியாகும். ரெண்டுக்கும் மேல கடதாசி ரேப். பார்மசியில புண்ணுக்குக் கட்டுத் துணி ஒட்டுறதுக்கு விக்கிற வெள்ளை மைக்ரோபோர், 1 அங்குல அகலம். 250 கிலோமீற்றர் ஓட்டக்காரரில இதைச் சோதிச்சு 2016இல வந்த ஆய்வில, ஒட்டின இடங்களில பொக்களம் 40 வீதம் குறைஞ்சது.

வெறுங்காலில, காய்ஞ்ச தோலில, எண்ணெய் கிண்ணெய் படாம ஒட்ட வேணும். காலமை வெளிக்கிட முதல், சின்ன விரலுக்கு ஒரு சுற்று, விரலடி மெத்தைக்குக் குறுக்கால ஒரு துண்டு. இறுக்கக் கூடாது, கால் வீங்குற கணக்கு இருக்கு. மூலைகளைக் கத்தரியால வட்டமா வெட்டுங்கோ, சதுர மூலைதான் முதல்ல சுருளும். சுருக்கு ஒண்டு விழுந்தா உரிச்சுத் திரும்ப ஒட்டுங்கோ, சுருக்கே பொக்களத்தைக் கொண்டு வரும். நடுவழியில ஒரு இடம் சூடு பிடிக்குது எண்டு தெரிஞ்சா அந்த நிமிசமே நிண்டு ஒட்டுறது. கூட வாற ஆக்கள் புறுபுறுப்பினம், புறுபுறுக்கட்டும். 3 நிமிச வேலை.

நகம் நேரா வெட்டி, விளிம்பை அராவி, அதுவும் நடைக்கு 4 நாளைக்கு முதல். முதல் நாள் இரவு ஆழ வெட்டினா மூலை குத்தும். பழகுற நடை: இந்தக் கிழமை 12, அடுத்த கிழமை 15, அதுக்கடுத்து ஒருக்கா 18. கடைசி 4 நாளும் நீட்டு நடை வேண்டாம்.

வாட்டு7:

கொப்புளம்: சின்னதாக, நோகாமல் இருந்தால் தொட வேண்டாம், மேல் தோல்தான் நல்ல பிளாஸ்ரர். ஒரு ரூபாய்க் குத்தியை விடப் பெரிதாக, மிதிக்க ஏலாமல் இருந்தால் நீரை எடுக்கலாம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, இடத்தை போவிடோன் அயடினால் துடைத்து, பார்மசியில் வாங்கிய உறை பிரிக்காத ஊசியால் கீழ் ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் குத்துங்கள். நடுவில் குத்த வேண்டாம். சுத்தமான கோஸால் மெதுவாக அழுத்தி நீரை எடுத்து, தோலை வெட்டாமல் விட்டு, ஒட்டாத கோஸ் வைத்து, அதைச் சுற்றி உழுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டையுள்ள தடித்த துணியோ கம்பளித் துண்டோ வைத்து ரேப் ஒட்டினால் பாரம் புண்ணில் இறங்காது. இரத்தக் கொப்புளத்தைக் குத்தாதீர்கள். அம்மாவின் காலில் எந்தக் கொப்புளத்தையும் குத்தாதீர்கள், அவருக்கு நடை அந்த இடத்தில் முடிந்தது, வாகனம் பிடித்து ஆஸ்பத்திரி.

சீழ், சுற்றிவரச் சிவப்பு, காலில் மேல் நோக்கி ஏறும் சிவப்புக் கோடு, தொடையிடுக்கில் நெறி கட்டுதல், காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் உங்களுக்கும் அதேதான். ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று இப்போதே பாருங்கள்.

நோவுக்குப் பரசிற்றமோல் 500 மில்லிகிராம் இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளுக்கு 8 குளிசைக்கு மேல் போகாமல். டைக்குளோபெனாக், புறூபன் வேண்டாம். வேர்த்து உடம்பில் தண்ணி குறைந்த நேரத்தில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடையில் "கால் நோவுக்கு ஒரு குளிசை தாங்கோ" என்று கேட்டால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான் தருவார்கள், பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

தண்ணீரூற்று ஐயா, வேப்பெண்ணெயைப் புண் இல்லாத தோலில் இரவு பூசலாம், வெடிப்புக்கு நல்லது. காலையில் பூசினால் ரேப் ஒட்டாது.

கச்சான்காத்து:

எல்லாரும் ஒண்டை மறந்திட்டியள். பின்னேரம் எரியுற காலோட வயல் வாய்க்காலைக் கண்டா இறங்கி நிக்கத்தான் மனம் வரும். பொக்களம் உடைஞ்ச காலோட வயல் தண்ணியிலயோ குளத்துத் தேங்கல் தண்ணியிலயோ இறங்காதேங்கோ. எலிக்காய்ச்சல் அந்த வழியாலதான் ஏறும். கிணத்துத் தண்ணி ஒரு வாளி, 10 நிமிசம், நாள் நடை முடிஞ்ச பிறகு மட்டும். இடையில ஊற வைச்சிட்டு உடன நடந்தா இளகின தோல் உரியும். ஐஸ் கிடைச்சா துவாயில சுத்தி வையுங்கோ, நேர வைக்க வேண்டாம்.

பாலைப்பழம்:

ரேப்பை இரவு கழட்டுறதோ, ரெண்டாம் நாளும் அப்பிடியே விடுறதோ?

கிறவல்ரோட்டு:

கழட்டுங்கோ, தோல் மூச்சு விடட்டும், கீழ என்ன நடக்குது எண்டும் தெரிய வேணுமே. சும்மா இழுத்தா பொக்களத்தின்ர மேல் தோலும் சேர்ந்து வரும். தேங்காயெண்ணெய் ரேப்புக்கு மேல பூசி 5 நிமிசம் விட்டு, ஓரத்தில இருந்து தோலோட படுக்கையா மெல்ல உரியுங்கோ, மேல் நோக்கித் தூக்காதேங்கோ. பிறகு சவர்க்காரம் போட்டு எண்ணெயைக் கழுவித் துடைச்சுப் போட்டுப் படுங்கோ. காலமை கால் நல்லாக் காய்ஞ்சு இருந்தாத்தான் புது ரேப் பிடிக்கும். ரெண்டு நாளுக்கு ஒரு சுருள் காணாது, அம்மாவுக்கும் சேர்த்து ரெண்டு சுருள் வாங்குங்கோ.